அனைவரும் மாண்டனர் என்று நான் எழுதிய கப்பல்

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "அந்தக் காலத்துல போர்ச் செய்தியெல்லாம் எப்படிப் போட்டீங்க ஐயா?" என்று கேட்டீர்கள். ஒப்புக்கு ஏதோ சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களிடம் பூசி மெழுகியது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தலைப்பு வைப்பதையும் பிழை திருத்துவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மேலதிகாரி திட்டித் திட்டியே அதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்.

முப்பதுகளின் பிற்பகுதி. சீனாவில் ஜப்பானோடு சண்டை மூண்டிருந்தது. ஜோகூர் பாருவில் வாரத்துக்கு மூன்று நாள் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் உதவியாசிரியர். ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகை நடத்த வந்தவர். எங்களுக்கு வெளிநாட்டில் நிருபர் என்று ஒரு ஈ, காக்கை கிடையாது. காலையில் சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி ஆங்கிலப் பத்திரிகை வரும். அதை வெட்டி, மேசையில் ஒட்டி, தமிழில் எழுதி, அச்சுக் கோப்பவரிடம் கொடுப்பேன். அவ்வளவுதான் எங்கள் உலகச் செய்தி. அதை நான் கொஞ்சம் அலட்டலாகவே செய்துகொண்டிருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் அந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கப்பலைப் பற்றிய செய்தி வந்தது. சிங்கப்பூரிலிருந்து போன கப்பல். சீனாவில் ஓர் ஆற்றுத் துறைமுகத்தில் நிற்கும்போது அதன்மேல் குண்டு விழுந்திருக்கிறது. ஒரு பத்தி முழுக்கக் கப்பல் தலைவர். அவர் பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம், இங்கிலாந்தில் அவர் வீட்டுத் தோட்டத்தில் என்ன பூ வளர்த்தார் என்பது வரைக்கும் இருந்தது. அப்புறம் இரண்டு அதிகாரிகள், ஒரு வெள்ளைக்காரப் பெண் பயணி. நாலு பேருக்கும் பெயர் உண்டு. கடைசியாக ஒரு வரி: ஆசியச் சிப்பந்திகள் சிலரும் உயிரிழந்ததாகக் கருதப்படுகிறது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பலின் அடிவயிற்றில் கரி அள்ளிப் போட்டவனுக்கு ஒரு வரி, தோட்டத்துப் பூவுக்கு நாலு வரியா? அந்தச் 'சிலரும்' என்கிற சொல் என் கண்ணை உறுத்தியது. நான் பேனாவை எடுத்து, "அக்கப்பலில் உழைத்த நம்மவர் அனைவரும் மாண்டனர்" என்று எழுதினேன். தலைப்பும் அதுவே. முதல் பக்கத்தில், எங்களிடம் இருந்த பெரிய எழுத்தில் வந்தது. நம்மவருக்கு மரியாதை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அன்று மாலை கடைத்தெருவில் இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாலு நாள் கழித்து, காலை ரயிலில் ஜோகூரின் உட்பகுதியில் உள்ள ரெங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட அவள் அண்ணன். பெயர் அஞ்சலை, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவள் கணவன் கருப்பையா ரப்பர் விலை விழுந்த காலத்தில் வேலை போய், சிங்கப்பூருக்குப் போய் அந்தக் கப்பலில் சேர்ந்தவன். கப்பலின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தான். தோட்டத்தில் எங்கள் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் போகும். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது தோட்டத்துக் கணக்கரான கிராணி அதை உரக்கப் படிப்பார். நான் எழுதியதையும் அப்படித்தான் படித்திருக்கிறார். வரிசையில் அஞ்சலையும் நின்றிருக்கிறாள்.

அவள் அழவில்லை. மடித்து வைத்திருந்த பத்திரிகையை என் மேசைமேல் விரித்தாள்.

"நீங்கதான் இத எழுதினீங்களாங்கய்யா?"

"ஆமாம்மா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளக்காரங்க நாலு பேரு பேரு இருக்குதுன்னு கிராணி சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு பேரு எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

"பேரு இல்லம்மா."

"பேரு தெரியாமயே எப்படிச் செத்தாருன்னு எழுதினீங்க?"

ஆங்கிலப் பத்திரிகையில் அப்படி வந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படி வரவில்லையே. அவள் அண்ணன்தான் பேசினான். "செத்த நாள்லருந்து பதினாறாவது நாளு தாலியக் கழட்டி வாங்கணும்ங்கய்யா. நாங்க கோடிச் சேலையெல்லாம் எடுத்தாச்சு. இவதான் முரண்டு புடிக்கிறா. பேப்பர்ல வந்தா நெசம்தானங்கய்யா?"

"அண்ணே, நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்" என்றாள் அஞ்சலை.

நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். அமைச்சர்களும் தோட்ட முதலாளிகளும் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. "எனக்குத் தெரியாதும்மா. சில பேர் செத்திருக்கலாம்னுதான் செய்தி. எல்லாரும்னு நானாத்தான் எழுதினேன்" என்றேன்.

அண்ணன் என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அஞ்சலை பத்திரிகையை மடித்தாள். "அப்போ தெரியாதுன்னு எழுதுங்க" என்றாள். "அதையும் கிராணி படிக்கணும். இல்லாட்டி இவங்க என்னய விடமாட்டாங்க." போகும்போது இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கப்பலில் ஜோகூரிலேயே பொந்தியானைச் சேர்ந்த கசிம் என்கிற மலாய்க்காரரும் கரி அறையில் வேலை செய்தார், அவர் வீட்டிலும் சொல்லுங்கள் என்றாள்.

அன்று மதியம் ஆசிரியர் அறையில் நடந்தது பெரிய சண்டை.

"எல்லாரும் செத்ததெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. கோபத்துல எழுதிட்டேன்."

"கோவமோ? கோவம் வந்தா வீட்டில போய்ச் சட்டி பானையை உடையும். செய்தியில கைவைக்கிறதோ?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நாலாம் பக்கத்தில சின்னனா ஒரு திருத்தம் போடும்."

"முதல் பக்கத்துல போடணும்ங்க. அதே எழுத்துல."

"விசர்க் கதை கதைக்காதையும். பிறகு எங்கட பேப்பரை ஆர் நம்புறது?"

"நம்பித்தாங்க அந்தப் பொம்பளைக்குக் கோடிச் சேலை எடுத்து வெச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "எழுதிக்கொண்டு வாரும், பாப்பம்" என்றார். நான் எழுதியது மூன்றே வரி. சிலர் என்று வந்த செய்தியை அனைவரும் என்று தவறாக எழுதினோம், யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, விசாரித்து எழுதுவோம். மறுநாள் இதழில் முதல் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் வந்தது. சிங்கப்பூரில் எங்களுக்கு ஆகாத பத்திரிகைக்காரர்கள் ஒரு வாரம் எங்களை வைத்துக் கேலி செய்தார்கள். கடைத்தெருவில் கை குலுக்கியவர்கள் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ரெங்கத்தில் அந்த மூன்று வரியையும் கிராணி பெரட்டில் படித்தார். பெரியவர்கள் கூடிப் பேசி, பதினாறாம் நாள் வரை பார்ப்போம், சேதி ஒன்றும் வராவிட்டால் சடங்கைச் செய்துவிடுவோம் என்று முடிவு செய்ததாகச் சொல்லி அனுப்பினார். கப்பலில் குண்டு விழுந்து அன்றோடு எட்டு நாள். எனக்கு இருந்தது இன்னும் எட்டு நாள்.

கைக்குக் கிடைத்த பத்திரிகையையெல்லாம் மேசைமேல் பரப்பினேன். ஆங்கிலப் பத்திரிகையில் கப்பல் தலைவருக்குத் தேவாலயத்தில் நடந்த பிரார்த்தனை, யார் யார் மலர்வளையம் அனுப்பினார்கள் என்ற விவரம். சிப்பந்திகளைப் பற்றி அந்த ஒரு வரிக்குப் பிறகு மூச்சு இல்லை. ஜப்பானியர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் எங்களுக்கு வரும். அதில் அந்தக் கப்பல் நிற்கக்கூடாத இடத்தில் நின்றது என்று மட்டும் இருந்தது. செத்தவர் என்று ஒருவரும் இல்லை, காயம் பட்டவரும் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் வந்த தமிழ்ப் பத்திரிகையில் நீண்ட தலையங்கம். கடல் கடந்து மடியும் தமிழரின் குருதி, அன்னிய ஆட்சியின் அலட்சியம் என்று படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. என்னுடைய எழுத்தைப் போலவே நன்றாக இருந்தது. என்னுடையதைப் போலவே ஒரு பெயரும் இல்லை.

ஒவ்வொருவரும் தங்கள் தேவைக்கு ஏற்றபடி செத்தவர்களை எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு அவர்கள் உறவுக்காரர்கள், ஒருவருக்கு மறைக்க வேண்டிய சங்கதி, இன்னொருவருக்குச் சண்டை போடக் கிடைத்த காரணம். அந்தக் கரி அறையில் இருந்த ஆளை ஒருவரும் தேடவில்லை. நான் மட்டும் யோக்கியனா என்ன?

பதினோராம் நாள் காலை. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக்கடை. தினமும் இரண்டு வேளை அங்கேதான் காப்பி குடிப்பேன். சுவரில் சீனப் பத்திரிகையை ஒட்டி வைத்திருப்பார்கள், கும்பலாக நின்று படிப்பார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று அத்தனை வருஷமாக நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கும்பல் வழக்கத்தைவிடப் பெரிது. ஒவ்வொருவராக முன்னே போய், வரிசை வரிசையாக விரலை வைத்துத் தேடினார்கள். ஒரு கிழவர் தேடிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கடை முதலாளியான தௌகேயிடம் என்ன அது என்று மலாயில் கேட்டேன்.

"சீனாவிலிருந்து கப்பலில் வந்த பட்டியல்" என்றார் அவர். "குண்டு விழுந்த துறைமுகம். செத்தவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள். நாமா, கம்போங், கெர்ஜா."

பெயர், ஊர், வேலை. சீனர்கள் ஒரு மனிதனைப் பற்றி எழுதினால் அவன் சொந்த ஊரை எழுதாமல் விடமாட்டார்கள். உறவுக்காரர்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும்போது ஊரை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். கப்பலின் பெயரைச் சொன்னேன், கருப்பையாவைப் பற்றிச் சொன்னேன். தௌகே இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுவர் அருகே போனார். அவர் தேடுவதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பத்தியாகப் பிரித்துக்கொண்டார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. ஒருவரும் காப்பி கேட்கவில்லை.

"அடா" என்றார் ஒருவர். இருக்கிறது.

பாதிரிமார் நடத்தும் ஆஸ்பத்திரி. கப்பல் கரி அறை ஆள். ஒரு கால் எடுக்கப்பட்டது. பேச்சு யாருக்கும் புரியவில்லை, பெயர் தெரியவில்லை. ஊர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான்: ஜோகூர்.

தௌகேயின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் கேட்டார், அந்தத் துறைமுகத்தில் அவர் அக்கா குடும்பம் இருக்கிறது, உங்கள் பத்திரிகையில் அந்த ஊரைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று. வெறும் விசாரிப்பாகத்தான் கேட்டார். 'சீனர் பலர் மடிந்தனர்' என்று எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். ஆங்கிலப் பத்திரிகைக்காரன் எங்களுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு உடனே தந்தி அடித்தோம். மலாய் தெரிந்த யாரையாவது பிடித்து, ஆளின் பெயர் என்ன, மனைவி பெயர் என்ன என்று கேளுங்கள் என்று. சண்டை நடக்கும் இடம், பதில் எப்போது வருமோ தெரியாது. அதற்குள் அடுத்த இதழை அச்சுக்குக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ரெங்கத்துக்கு என்ன சொல்வது? ஆசிரியர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"தம்பி, அது கசிமா இருந்தா? அந்தப் பிள்ளைக்கு ரெண்டாந்தரமும் புருசன் சாகவேணுமோ? பதில் வரட்டும்."

"சொல்லாம இருந்து, அதுக்குள்ள தாலி வாங்கிட்டா?"

இரண்டு பக்கமும் யோசித்தேன். முதல் தடவை தெரிந்ததற்கு மேல் எழுதினேன். இப்போது தெரிந்ததைவிடக் குறைத்து எழுதினால் அதுவும் பொய்தான். எங்களுக்குத் தெரிந்தது முழுவதையும் எழுதினேன், தெரியாததையும் எழுதினேன். ஜோகூர்க்காரர் ஒருவர் உயிரோடு இருக்கிறார், அந்தக் கப்பலில் ஜோகூர்க்காரர்கள் இருவர் இருந்தார்கள், யார் என்று கேட்டிருக்கிறோம். ஆசிரியர் மூன்று முறை படித்துவிட்டு, "விடும்" என்றார். பொந்தியானில் கசிமின் தாயாருக்குப் பள்ளிவாசல் வழியாகச் சொல்லி அனுப்பினோம்.

பன்னிரண்டாம் நாள், பதிமூன்றாம் நாள், பதினாலாம் நாள். தந்தி அலுவலகத்துக்குக் காலையும் மாலையும் நடந்தேன். அங்கிருந்த குமாஸ்தா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரிப்பார். பதினைந்தாம் நாள் காலை அவர் கையை விரிக்கவில்லை. ஒரு காகிதத்தை ஆட்டினார்.

பெயர் கருப்பையா. மனைவி அஞ்சலை, ரெங்கம். கால் ஒன்று போயிற்று, பிழைத்துக்கொள்வான். கசிம் இவன் பக்கத்திலேயே இறந்தான். பசுவை விற்க வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறான்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நடுத்தெருவில் நின்று சிரித்தேன், கண்ணீரும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், குதித்தேன். பசுவைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் கற்பனை செய்ய முடியாது, நானும் செய்ய முடியாது. அதே கையோடு ரயில் ஏறினேன். ரெங்கத்தில் இறங்கி, தோட்டத்துத் தொழிலாளர் லயம் வரைக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் நடக்க இருந்த சடங்குக்கு உறவுக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வாசலில் பெண்கள் கூட்டம். தட்டில் கோடிச் சேலை. நடுவில் அஞ்சலை, இறுகிய முகத்தோடு. நான் மூச்சு வாங்கியபடி தந்தியை உரக்கப் படித்தேன். "பசுவை விற்க வேண்டாம்" என்று முடித்தேன்.

அஞ்சலை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன மாசமே வித்துட்டனே" என்றாள். "வந்தா என்னய ஏசுவாரே." சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அண்ணன் தட்டோடு அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ மறைத்தான். யாரோ குலவை போட்டார்கள், லயம் முழுக்க அது பரவியது.

அடுத்த இதழில் கருப்பையாவின் பெயர் வந்தது, வேலை, தோட்டம், மனைவி பெயரோடு. அதற்கு மேலே கசிமின் பெயர், பொந்தியானில் அவர் கிராமம், தாயார் பெயர். அந்தத் தாயாருக்கு என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அதன் பக்கத்தில் காப்பிக்கடைச் சுவரிலிருந்த பட்டியலில் ஜோகூரில் உறவினர் உள்ளவர்களின் பெயர்களை எழுதினோம். தௌகே ஒவ்வொன்றாக உச்சரித்துக் காட்டினார். அவர் அக்கா பெயர் காயம்பட்டவர்களில் இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் சீனர் பெயர் எதற்கு என்று ஆசிரியர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "ஊரையும் போடும்" என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் பத்திரிகையில் 'சிலர்', 'பலர்' என்று போர்ச் செய்தி போனால் அச்சுக் கோப்பவரே திருப்பி அனுப்பிவிடுவார். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவோம். எங்களைக் கேலி செய்த சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்று ஆறு மாதத்தில் எங்கள் பட்டியலை எடுத்துப் போட்டது. அந்த ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு நாள் ஆசியச் சிப்பந்திகளின் பெயர்கள் வந்தன. அன்றைக்கு ஆசிரியர் அலுவலகம் முழுவதுக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

கருப்பையா சில மாதங்கள் கழித்து வந்தான். ரெங்கம் ஸ்டேஷனில் தோட்டமே திரண்டிருந்தது, பறை முழங்கியது. தௌகேயும் என்னோடு வந்திருந்தார். கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் இறங்கினான். கிராணி என்னை இழுத்துக்கொண்டு போய், "இவருதான் பேப்பர்காரரு" என்றார். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கதானா என்னயச் சாகடிச்சவரு?"

பறை நின்றுவிட்டது. "ஆமாங்க, நான்தான்" என்றேன்.

"அப்புறம் உசுரு குடுத்ததும் நீங்கதானாமே."

"அது நான் இல்லைங்க. உங்க வீட்டுக்காரம்மா. நான் எழுதினத அவங்க நம்பல."

அவன் திரும்பி அஞ்சலையைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஊருக்கே கேட்கும்படி சொன்னான்:

"அவ நான் சொல்றதையே நம்பமாட்டா. நீங்க எம்மாத்திரம்?"